மலையகத்து மழை மாறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். இப்போது புவியியல் படிப்பிக்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து போன பிறகு, பாடசாலைக்கு வருகிற பெற்றோரும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களும், கொழும்பில் வேலை செய்கிற பழைய மாணவர்களும் மழையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆளுக்கொரு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

டீச்சர், மழை கூடுகிறதா, குறைகிறதா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரு வார்த்தையில் சொன்னால் தப்பாகிவிடும். வருசத்துக்கு மொத்தம் எவ்வளவு பெய்தது என்பதைவிட, அது எப்படிப் பெய்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஒரு கணக்கு பாருங்கள். ஒரு மாதத்தில் 300 மில்லிமீற்றர் மழை என்று வைத்துக்கொள்வோம். அது 25 நாளில் நாளுக்கு 12 மில்லிமீற்றராகப் பெய்தால் மண் குடிக்கும், மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் வற்றாது, கொழுந்து தளிர்க்கும், வேலையும் நடக்கும். அதே 300 மில்லிமீற்றர் மூன்று நாளில் நாளுக்கு 100 ஆகக் கொட்டினால்? வடிகால் கான் உடையும், மேல்மண் ஆற்றுக்குப் போகும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண் மேடு பயம் காட்டும். மிச்சம் 27 நாளும் வெயில். மாதக் கடைசியில் பதிவுப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு மாதமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 300, அவ்வளவுதான்.

பூமி சூடாவதால் மழையில் வரும் மாற்றம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அடைமழை இன்னும் கடுமையாகும், இடையில் வரும் மழையில்லாக் காய்ச்சல் நீளும். "மழை கூடுமாம்", "மழை குறையுமாம்" என்று இரண்டு விதமாகச் செய்தி வந்து நம்மைக் குழப்புவதற்கும் இதுதான் காரணம். மொத்தத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் குழம்பும்.

மலையகம் முழுக்க ஒரே மழைதானே?

இல்லை. மலையகத்துக்கு இரண்டு மழை. இது பிடிபடாவிட்டால் மற்ற எந்தப் பதிலும் பிடிபடாது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து ஈரக் காற்று வருகிறது. அது கினிகத்தேனை, வட்டவளை, அட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்து மலைகளில் மோதி மேலே ஏறுகிறது. ஏறிய காற்று குளிர்ந்து, தாங்க முடியாத ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. வட்டவளைப் பக்கம் வருசத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வது இதனால்தான். மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்றில் ஈரம் இருக்காது. அட்டனில் கம்பளியை விட்டு வெளியே வர முடியாத ஆனி, ஆடி மாதங்களில் பதுளையில் புழுதி பறக்கும். இன்னும் கீழே இறங்கி மட்டக்களப்புக்குப் போகும்போது அது சூடான வறண்ட காற்றாகிவிடும். அங்கே அதைக் கச்சான் என்கிறார்கள். அட்டனில் நம்மை நனைத்துவிட்டுப் போன காற்றேதான் அது.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து காற்று வரும்போது எல்லாம் தலைகீழ். பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் நனையும், மேற்குப் பக்கம் காயும். சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் பௌர்ணமிக்குத் தொடங்கி வெசாக்கோடு முடிவதும் மேற்குச் சரிவின் இந்தக் காய்ந்த காலத்தை ஒட்டித்தான். இரண்டு பருவத்துக்கும் நடுவில் மார்ச், ஏப்ரலில் ஒன்றும் ஒக்டோபர், நவம்பரில் ஒன்றுமாக இரண்டு இடைக்காலங்கள் உண்டு. அப்போது பகலில் வெயில் சுடும், பின்னேரம் இடியோடு மழை வரும். ஒக்டோபர், நவம்பரில் வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்களும் சேர்ந்துகொள்ளும். கிழக்கு, மேற்கு என்று பார்க்காமல் இரண்டு பக்கத்தையும் நனைக்கிற காலம் அது.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் ஜூலை மாதம் பதுளை ரயிலில் ஏறுங்கள். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலவைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும். அதற்குள் நுழையும்போது கண்ணாடியில் தண்ணீர் வழியும், அந்தப் பக்கம் ஓகியாவில் வெளிவரும்போது வெயில் அடிக்கும். எப்போதும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நடக்கும்போது பெட்டிக்குள் இருக்கிற சின்னப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

வட்டவளைக்கும் பதுளைக்கும் நேர்கோட்டில் 60 கிலோமீற்றர் அளவுதான் தூரம். பதுளைக்கு வருசத்தில் கிடைப்பது 1,800 மில்லிமீற்றர் அளவு மழை, அதாவது வட்டவளைக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. ஆகவே "மலையகத்துக்கு மழை கூடும்" என்று யாராவது சொன்னால் எந்தப் பக்கத்துக்கு, எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

காற்று கொஞ்சம் சூடானால் மழை ஏன் மாற வேண்டும்?

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மழை நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் கொழுந்து வாட மறுக்கும். அப்போது அடியிலிருந்து கொஞ்சம் சூடான காற்றை ஊதுவார்கள். சூடான காற்று இலையிலிருந்து அதிக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வானத்திலும் இதே கதைதான். ஒரு பாகை செல்சியஸ் சூடு கூடினால், காற்று பிடித்துவைக்கக்கூடிய நீராவி 7 சதவீதம் அளவில் கூடுகிறது. 1850க்கும் 1900க்கும் இடையில் இருந்ததைவிட பூமி ஏற்கெனவே ஒரு பாகைக்கு மேல் சூடாகிவிட்டது.

இதனால் இரண்டு காரியம் நடக்கிறது. மழை இல்லாத நாளில் காற்று மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் அதிக ஈரத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அப்புறம் மழை பெய்ய நேரம் வரும்போது அத்தனையையும் சேர்த்துக் கொட்டுகிறது. காய்ச்சலும் வெள்ளமும் ஒரே காரணத்தால் வருவது எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். இப்படித்தான்.

பழைய பதிவுகள் என்ன சொல்கின்றன?

தோட்டங்கள் தொடங்கிய காலத்திலிருந்தே மழை அளப்பது இங்கே வழக்கம். நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து பதிவு இருக்கிறது. அதனால் நம்முடைய பக்கம் நீண்ட கால மழைக்கணக்கு உள்ள இடம். அந்தப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், 20ஆம் நூற்றாண்டில் மேற்குச் சரிவுகளில் மழை குறைந்து வந்ததைக் கண்டிருக்கிறார்கள். நுவரெலியாவிலும் அந்தக் குறைவு தெரிகிறது. பெரியவர்கள் "முந்தி மாதிரி விடாத தூறல் இப்ப இல்லை" என்று சொன்னால் அதை வெறும் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள்.

என் அப்பாயி கொழுந்து எடுத்த காலத்தில் கம்பளி காய்ந்ததே இல்லையாம். இடுப்பில் படங்கு, தலையில் கம்பளி. அதை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டால் விடியும்வரை சொட்டும், காலையில் அதே ஈரத்தோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார்களாம். அந்தக் கம்பளியின் புகை வாசம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. அவர் சொன்னது மனசில் நிற்கும் சாட்சி. ஆனால் கணக்குக்குப் புத்தகம் வேண்டும். ஒரு தோட்டத்து ஆபிசில் பல பத்து வருசத்து மழைப் புத்தகங்களைப் பழைய கடதாசியோடு சேர்த்து எரித்ததைப் பார்த்தவள் நான். அன்றைக்கு எனக்கு அதன் பெறுமதி தெரியாது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. உங்கள் தோட்டத்தில் அப்படிப் புத்தகம் இருந்தால், தயவுசெய்து ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இனிமேல் எப்படி இருக்கும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்?

தென்னாசியாவின் பருவமழை இந்த நூற்றாண்டில் கூடும் என்றுதான் ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அப்படியானால் 20ஆம் நூற்றாண்டில் ஏன் குறைந்தது? இந்தியத் துணைக்கண்டத்தின் மேல் படர்ந்திருக்கும் புகையும் தூசும் ஒரு முக்கிய காரணம். அது வெயிலை மறைத்து நிலத்தைக் குளிர்த்துகிறது. நிலம் நன்றாகச் சூடானால்தான் கடல்காற்றை இழுக்கும் சக்தி கூடும். புகை அதைக் குறைத்துவிட்டது. சூடாகும் பூமி ஒரு பக்கம் இழுக்கிறது, புகை இன்னொரு பக்கம் இழுக்கிறது. புகை குறையக் குறைய, சூட்டின் கை ஓங்கும்.

ஆனால் அந்த அறிக்கையை மலையகத்துக்குக் கொண்டுவந்து பொருத்தும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. உலகத்தின் காலநிலையைக் கணினியில் கணிக்கும் மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன. ஒரு கட்டம் பெரும்பாலும் 100 கிலோமீற்றர் அளவு அகலம். நான் மேலே சொன்ன வட்டவளையும் பதுளையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை அந்தக் கட்டத்தில் ஒரு சின்ன மேடுதான். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில் என்பதை அந்தக் கணினியால் பார்க்கவே முடியாது. அதனால்தான் பெரிய மாதிரியின் முடிவை எடுத்து, நம்முடைய மலைகளின் உயரத்தையும் இங்கே அளந்த மழையையும் வைத்துச் சிறிய கட்டங்களாக மறுபடி கணிக்கிறார்கள். அதற்கு இங்கே அளந்த பழைய மழை வேண்டும். எரிந்த புத்தகத்துக்காக நான் ஏன் அழுகிறேன் என்று இப்போது புரியும்.

எல்லா மாதிரிகளும் ஒத்துப்போகிற விசயம் ஒன்று உண்டு. ஒரே நாளில் கொட்டும் கடும் மழை, உலக அளவில் பார்த்தால், சூடு ஒரு பாகை கூடும்போது 7 சதவீதம் அளவில் வலுக்கிறது. என்னைக் கேட்டால், தோட்டத்துக்கும் பிரதேச சபைக்கும் திட்டம் போட இந்த ஒரு வரி போதும். இதைவிட நுணுக்கமான கணிப்பு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

எல் நினோ என்றால் நமக்கு மழை இல்லை என்றுதானே அர்த்தம்?

இந்தியச் செய்திகளைக் கேட்டு அப்படி நினைக்கிறோம். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் வருசங்களைத்தான் எல் நினோ என்கிறார்கள். அந்த வருசங்களில் இலங்கைக்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடுவதுதான் வழக்கம். குறைவது ஜனவரி முதல் மார்ச் வரையும், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிலும். ஆகவே "எல் நினோ வருகிறது" என்று கேள்விப்பட்டால் தண்ணீருக்கு மட்டும் யோசிக்காமல், ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவுக்கும் யோசித்து வையுங்கள்.

டிட்வா புயல் காலநிலை மாற்றத்தால் வந்ததா?

புயல் முன்னேயும் வந்திருக்கிறது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளியைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். புயல்களின் எண்ணிக்கை கூடும் என்று விஞ்ஞானிகள் உறுதியாகச் சொல்வதில்லை. வருகிற புயல் அதிக மழையைச் சுமந்து வரும் என்பதைத்தான் உறுதியாகச் சொல்கிறார்கள்.

டிட்வாவில் நம்மைக் கொன்றது காற்று இல்லை, மழை. 2025 நவம்பர் 27, 28 தேதிகளில் மலைநாட்டின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மலை வழுக்கிக்கொண்டு இறங்கியது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில் பாதை பல இடங்களில் அறுந்து தொங்கியது. முந்திய இடைக்கால மழையில் மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது, அதற்கு மேல் இது. ஆகவே என் பதில்: புயலைக் காலநிலை மாற்றம் பெற்றெடுத்தது என்று சொல்லமாட்டேன், அதன் சுமையைக் கூட்டியது என்று சொல்வேன். செத்தவர்களின் எண்ணிக்கைக்கு அதை மட்டும் பொறுப்பாக்கவும் விடமாட்டேன். யார் எந்தச் சரிவில் குடியிருக்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேரும். அதைக் கீழே சொல்கிறேன்.

மழை மாறினால் கொழுந்துக்கும் சம்பளத்துக்கும் என்ன ஆகும்?

தேயிலைக்கு மழை மாதாமாதம் வேண்டும், ஆனால் அளவாக வேண்டும். 22 பாகை அளவு சூடு அதற்குப் பிடித்தது. இரண்டு, மூன்று வாரம் மழை இல்லாவிட்டால் தளிர் வருவது நின்று, வளர்ச்சி நின்றுபோன வங்கி இலைதான் மிஞ்சும். அப்போது நாள் முழுக்க மலையில் நின்றாலும் நிறை வராது. நிறை வராவிட்டால் அரைப்பேர். வேலை முழு நாள், கூலி பாதி. அடைமழையிலும் நட்டம்தான். வழுக்கும் சரிவில் கை வேகமாக ஓடாது, எடுத்த ஈரக் கொழுந்துக்கு நிறையில் தண்ணீர் கழிப்பார்கள், ஸ்டோரில் கொழுந்து வாடாது. நாலு நாள் சூரியன் தெரியாமல் மூட்டம் போட்டால் கொப்புள நோய் தளிரில் விழும். போட்ட உரம் கானோடு போகும்.

மழை எந்த மாதத்தில் வருகிறது என்பதிலும் காசு இருக்கிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்தது ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் அந்த வறண்ட காற்றுதான். இலை கொஞ்சம் காய்ந்து, மெதுவாக வளர்ந்து, அந்த வாசனையை உண்டாக்குகிறது. மேற்குச் சரிவின் டிம்புளைப் பக்கத்துக்கு அதே மாதிரி ஜனவரி முதல் மார்ச் வரையான குளிர்ந்த, காய்ந்த நாட்கள். அந்த வாரங்களில் தப்பான மழை விழுந்தால், கொழுந்து நிறைய வரும், விலை வராது. அதே வாரங்கள் அளவுக்கு மீறிக் காய்ந்தால் கொழுந்தே வராது.

1925இல் தொடங்கி, இப்போது தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் காய்ச்சலைத் தாங்கும் செடி வகைகளைக் கொடுக்கிறது. நிழல் மரம், மண்ணை மூடி வைக்கும் தழை, சரியாக வெட்டிய கான் என்று அங்கே சொல்வது எல்லாமே உதவும். ஆனால் கான் வெட்டும் வேலைக்கு ஆள் குறைத்த தோட்டங்களில் கான் தூர்ந்துபோய்க் கிடப்பதைத் தினமும் பார்க்கிறேன். தூர்ந்த கானுக்கு மேலே விழும் 100 மில்லிமீற்றரும் வெட்டிய கானுக்கு மேலே விழும் 100 மில்லிமீற்றரும் ஒன்றல்ல.

மரக்கறித் தோட்டங்களுக்கு?

நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கத்து லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு எல்லாம் குறுகிய காலப் பயிர். ஒரு அடைமழையில் பாத்தி அடித்துக்கொண்டு போனால் கடன் வாங்கி மறுபடி நட வேண்டும். தேயிலைச் செடி ஒரு மழையில் சாகாது, கரட் சாகும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுவதுதான் முதல் வைத்தியம். சரிவோடு கீழ்நோக்கி வெட்டிய பாத்தி, மழைக்கு நாமே போட்டுக் கொடுத்த ரோட்டு.

எங்கள் பீலியில் தண்ணீர் குறைந்துபோனது. அதுவும் காலநிலை மாற்றமா?

இருக்கலாம், ஆனால் உடனே அப்படி முடிவுகட்டாதீர்கள். பீலித் தண்ணீர் மலை குடித்து மெதுவாகத் திருப்பித் தரும் தண்ணீர். கொட்டும் மழை மண்ணுக்குள் இறங்காமல் மேலாலே ஓடினால், மொத்த மழை குறையாமலே ஊற்று குறையும். மழை மாற்றத்தால் வருவது இது.

மற்றக் காரணங்களும் உண்டு. ஊற்றுக்கு மேலே இருந்த காடு போயிருக்கலாம். ஊற்றுக் கண்ணுக்குப் பக்கத்தில் தண்ணீரை நிறைய உறிஞ்சும் டர்பன்டைன் மரம் நட்டிருக்கலாம். மேலே புதிய ரோட்டு வெட்டித் தண்ணீர் வழி மாறியிருக்கலாம். உமா ஓயா திட்டத்துக்காகச் சுரங்கம் தோண்டியபோது, சுரங்கத்துக்குள் நீர் கசிந்து பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின. அது வானத்தால் வந்த வினை அல்ல. எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் போட்டுவிட்டால், பக்கத்தில் இருக்கிற, சரிசெய்யக்கூடிய காரணம் தப்பித்துவிடும். ஊற்றுக்கு மேலே ஏறிப் போய்ப் பாருங்கள். என்ன மாறியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

மின்சாரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை, கொத்மலை நீர்த்தேக்கங்கள் என்று நாட்டின் நீர் மின்சாரத்தில் பெரும் பங்கு நம்முடைய மழைதான். மவுசாகலையில் தண்ணீர் நன்றாக இறங்கும் வருசங்களில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் வெளியே தெரியும். ஆட்கள் பார்க்கப் போவார்கள், கும்பிடுவார்கள். அந்தக் கோயில் தெரிந்தால் கொழும்பில் மின்வெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

எவ்வளவு மழை பெய்தால் வீட்டை விட்டுப் போக வேண்டும்?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கை கொடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் புறப்படத் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், ஆபத்தான சரிவில் இருப்பவர்கள் வெளியேறிவிட வேண்டும். மஞ்சள், அம்பர், சிவப்பு என்று செய்தியில் சொல்வது இந்த மூன்று படிகளைத்தான்.

மில்லிமீற்றர் என்றால் வீட்டில் யாருக்கும் உருவம் வராது. எங்கள் வகுப்பில் நான் இப்படிச் செய்வேன். பக்கம் நேராக இருக்கிற ஒரு பால்மா டின்னை எடுத்து வெளியே வைப்போம். அதற்குள் பிள்ளைகளின் 15 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை நிறுத்துவோம். 15 சென்ரிமீற்றர் என்பது 150 மில்லிமீற்றர். பென்சில் பெட்டிக்குள் கிடக்கிற அந்தச் சின்ன அடிமட்டம் ஒரே நாளில் முழுதாகத் தண்ணீருக்குள் மூழ்கினால், அதுதான் சிவப்பு. பாதி மூழ்கினால் மஞ்சள். ஒரு தரம் காட்டினால் போதும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மா, அப்பாவுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

டின் நிறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது லைட் கம்பம், நேற்றுவரை திறந்த கதவு இன்றைக்கு இறுகிப்போவது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, ஓடிய பீலி திடீரென்று நிற்பது அல்லது கலங்கலாக வருவது, மலைக்குள் உறுமுகிற சத்தம். இதில் ஒன்றைக் கண்டாலும் போய்விடுங்கள். மழை விட்ட பிறகும் மலை இறங்கும், ஏனென்றால் தண்ணீர் உள்ளே போய்ச் சேர நேரம் எடுக்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கிராம சேவகருக்கும் சொல்லுங்கள்.

ஆபத்து என்று தெரிந்தும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள் என்று வெளியூரார் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

போக இடம் இல்லை என்று சொல்லுங்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடம் சேறாக இருந்தது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது. மாற்றிக் கொடுக்க நிலம் மட்டும் இல்லை. தோட்டத்தில் 200 வருசமாக இருக்கிறவர்களுக்குத் தங்கள் லயத்துக் காம்பராவுக்கு அடியில் இருக்கிற நிலமே சொந்தமில்லாதபோது, "பாதுகாப்பான இடத்துக்குப் போ" என்பது எந்த இடத்தைச் சொல்கிறது? நல்ல நிலத்தில் தேயிலை, மிச்சச் சரிவில் லயம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கோடு இன்னும் மாறவில்லை. மழை மாறிக்கொண்டிருக்கிறது. எச்சரிக்கைக் கருவி வாங்குவது நல்லதுதான், ஆனால் காணி உறுதி கொடுக்காமல் அது பாதி வேலை. இதில் எனக்கு இரண்டாம் அபிப்பிராயம் கிடையாது.

காலநிலை மாற்றத்துக்கு நாங்களும் காரணமா?

உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் இலங்கையின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவு. அதில் விறகடுப்பும் பஸ் பயணமுமாக வாழும் தோட்டத்து வீட்டின் பங்கைக் கேட்கவே வேண்டாம். காடு காப்பாற்றுவோம், குப்பை எரிக்காமல் இருப்போம், எல்லாம் சரி. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நீங்கள் ஏற வேண்டியதில்லை.

வீட்டில் மழை அளக்க வேண்டுமென்றால் டின்னை எங்கே வைப்பது?

கூரைத் தண்ணீரோ மரத்துச் சொட்டோ விழாத திறந்த இடத்தில். கூரையின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் நல்லது. காற்றில் சாயாமல் இரண்டு கல்லுக்கு நடுவில் இறுக்கி விடுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள டின்தான் வேண்டும், வாய் விரிந்த சட்டி கணக்கைக் கெடுக்கும். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு அளக்கிறது, நீங்களும் அதே நேரத்துக்கு அளந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். கடும் மழை நாளில் இடையிலும் பார்க்க வேண்டும், டின் நிறைந்து வழிந்தால் கணக்கு போய்விடும். தேதியையும் அளவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மழை இல்லாத நாளில் 0 என்று எழுத மறக்க வேண்டாம். வெறுமனே விட்டால், அன்றைக்கு மழை பெய்யவில்லையா, அல்லது யாரும் பார்க்கவில்லையா என்று பத்து வருசம் கழித்து அந்தக் கொப்பியைத் திறக்கிற பிள்ளைக்குத் தெரியாது.